கற்பனை உலகத் துறைமுகத்தில் என்ன ஏறும், என்ன இறங்கும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று விளையாடும் டேபிள்டாப் ஆர்பிஜிக்காக ஒரு உலகம் வரைந்திருக்கிறீர்கள். மலையில் குள்ளர்கள், காட்டில் எல்ஃப்கள் என்ற வனவாசிகள், கடற்கரையில் மனிதர்கள், பாலைவனத்தில் மாயக்கல் தோண்டும் ஒரு கூட்டம். நான்கு ஊருக்கும் ஏற்றுமதி, இறக்குமதி என்று இரண்டு பத்தி போட்டு ஒரு அட்டவணை எழுதிவிட்டு, அதைச் சரிபார்த்துத் தரச் சொல்கிறீர்கள். ஆனால் நிஜமான தலைவலி உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது: குழுவில் ஒருவர் வணிகர் பாத்திரம் எடுத்து, துறைமுகத்தில் ஒரு தங்கக்காசுக்கு மிளகு வாங்கி, பேக் ஆஃப் ஹோல்டிங்கில் (உள்ளே போட்டதன் கனம் தெரியாத மாயப்பை) போட்டுக்கொண்டு போய் மலையில் நான்கு காசுக்கு விற்றே ஆறு செஷனில் அரசனைவிடப் பணக்காரர் ஆகிவிட்டார்; மற்றவர்களுக்கோ ‘ஏற்றுமதி: இரும்பு’ என்ற வரியிலிருந்து ஒரு கதையும் கிடைக்கவில்லை. அப்படியானால் நீங்கள் கேட்பது ஒரு பொருள் ஏன் ஊர் விட்டு ஊர் போகிறது, போனால் யார் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று. அட்டவணையைத் திருத்துவதால் அது தீராது.

என்னைப் பற்றி ஒரு வரி. தூத்துக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை, அதாவது சரக்குக்குச் சுங்கக் காகிதம் முடித்துக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி) ஐந்தாம் பதிப்பு, பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். சரக்கு, வாடகை, சுங்கம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மந்திரம் வியாபாரத்தை என்ன செய்யும் என்பதில் என்னுடையது கணக்குப் போட்ட ஊகம்தான். போர், விவசாயம் எல்லாம் எனக்குத் தெரிந்த துறை இல்லை, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதல் விஷயம், ஊரில் என்ன இருக்கிறது என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். மலை என்றால் இரும்பு, காடு என்றால் மரம் என்று எழுதிவிட்டு, இறக்குமதிப் பத்திக்கு வரும்போது பேனா நின்றுவிடுகிறது, ‘ஆடம்பரப் பொருட்கள்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். அந்த ஊரில் எது இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஊரிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் போகும் சரக்கைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும்: வெங்காயம், காய்கறி, வீடு கட்டும் சாமான். பவளத்தீவில் வயலும் கிடையாது, கருங்கல்லும் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஆடம்பரத்தில் ஒன்றும் இல்லை. ஒரு ஊரின் குணமே அதன் பற்றாக்குறையில்தான் தெரியும். உங்கள் குள்ளர் மலையில் இரும்பு இருக்கிறது, சரி, அதை உருக்கக் கரி எங்கிருந்து வருகிறது? சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம்? பாறையில் தானியம் விளையாது, அப்போது சோறு? எல்ஃப்கள் மரம் வெட்ட ஒத்துக்கொள்வார்களா? பார்த்தீர்களா, இப்போதே ஒரு சண்டை வந்துவிட்டது.

சில பற்றாக்குறைகள் தீரவே தீராது, வியாபாரிக்கு அதுதான் பொன். பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாகக் குதிரை வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளை வாங்குவதையும், அவை வந்த வேகத்திலேயே செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். வெக்கை ஒரு காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாதது இன்னொன்று. அதோடு, குதிரை விற்கிற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை, யாரோ துறைமுகத்தில் சொன்ன புறணியாகக்கூட இருக்கலாம். ஆனால் விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது. ஓர் அரசன் வருடா வருடம் அதே சரக்கை வாங்குகிறான், அது வருடா வருடம் சாகிறது, சாகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை தெரிந்த ஒரு ஆள் உங்கள் குழுவோடு படகேறி வருகிறான்.

அடுத்து சுமைகூலி. இதில் கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம், ஏனென்றால் உங்கள் வணிகர் பாத்திரத்தின் மர்மம் இங்கேதான் உடைகிறது. ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில் வணிகப் பொருள் விலைப்பட்டியல் ஒன்று உண்டு. ஒரு பவுண்டு கோதுமை ஒரு செப்புக்காசு. ஒரு பவுண்டு உப்பு ஐந்து செப்பு, இரும்பு ஒரு வெள்ளி, மிளகு இரண்டு தங்கம், குங்குமப்பூ பதினைந்து தங்கம். ஒரு தங்கம் பத்து வெள்ளி, நூறு செப்பு. ஆக மிளகு கோதுமையைவிட 200 மடங்கு விலை. இப்போது ஒரு வண்டியைக் கட்டுவோம். அதே விதிகளின்படி ஒரு இழுவைக் குதிரை, வண்டியின் எடை போக 2,500 பவுண்டு சரக்கு இழுக்கும், ஒரு நாளில் 24 மைல் போகும். 480 மைல் தூரத்துக்கு 20 நாள். வண்டிக்காரனுக்கு நாள் கூலி 2 வெள்ளி, குதிரைத் தீவனம் 5 செப்பு, வழியில் கோப்ளின் என்ற பொல்லாத குட்டிப்பூதம் இருக்கிறதே, ஒரு காவல்காரனாவது வேண்டும், அவனுக்கு நாளுக்கு 2 தங்கம். கூட்டினால் நாளுக்கு 2.25 தங்கம், 20 நாளுக்கு 45 தங்கம். வண்டியில் இருக்கும் கோதுமையின் மொத்த மதிப்போ வெறும் 25 தங்கம்! பதினோரு நாள் தாண்டியதுமே கூலி சரக்கின் விலையைத் தின்றுவிடுகிறது, அதாவது சுமார் 267 மைலில். அதே வண்டியில் மிளகு ஏற்றினால் சரக்கு மதிப்பு 5,000 தங்கம், கூலி அதே 45, நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 301ஆம் ஆண்டு ஒரு விலை உச்சவரம்பு ஆணை போட்டார், அதில் வண்டி வாடகையும் உண்டு: 1,200 ரோமப் பவுண்டு சுமைக்கு மைலுக்கு 20 தினாரியஸ் காசு. அதை வைத்து வரலாற்றாசிரியர்கள் போட்ட பிரபலமான கணக்கு, ஒரு வண்டிக் கோதுமை சாலையில் 300 மைல் போனால் அதன் விலை இரட்டிப்பாகிவிடும் என்பது. ரோம மைல் கொஞ்சம் குட்டை, நம் மைலில் அது 276 வாக்கில் வரும். விளையாட்டு விதியில் 267, ரோமில் 276! தற்செயல்தான், விதி எழுதியவர்கள் டயோக்ளீஷியனைப் புரட்டிப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆணையிலுள்ள விலைகளுக்கு ஊரில் யாரும் கட்டுப்பட்டார்களா என்பதும் தனி வழக்கு, உச்சவரம்பு போட்டால் சரக்கு கடைக்குப் பின்னால் போய்விடும் என்பது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். ஆனால் கூலிக்கும் விலைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்பதைப் பெரும்பாலானவர்கள் ஏற்கிறார்கள்.

கப்பலுக்கு வாருங்கள். அதே விதிகளில் ஒரு பாய்மரக் கப்பல் 100 டன் ஏற்றும், 20 மாலுமி, மணிக்கு 2 மைல், ராத்திரி பகல் ஓடினால் நாளுக்கு 48 மைல். 480 மைலுக்குப் பத்து நாள், மாலுமிக்கு ஆளுக்கு 2 தங்கம் வீதம் 400 தங்கம். சரக்கு 2,00,000 பவுண்டு கோதுமை, 2,000 தங்கம். கப்பல் வாங்கின பணத்துக்கு வட்டி, பாய்க்கயிறு, துறைமுகக் கட்டணம் எதையும் நான் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் வண்டி பக்கத்தில் வராது. கூலி சாலையில் சரக்கு மதிப்பில் 180 சதவீதம், கடலில் 20 சதவீதம். இதிலிருந்து உங்கள் வரைபடத்துக்கு ஒரு விதி தானாகவே கிடைக்கிறது: தானியம், கல், மரம், மண்பாண்டம் மாதிரி கனத்த மலிவுச் சரக்கு தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் போகும், ஆறு எங்கே நிற்கிறதோ அங்கே அதுவும் நிற்கும். இரும்பு நடுவில், வண்டிக்கு 250 தங்கம் மதிப்பு, கூலி 45, சாலை தாங்கும். மிளகும் பட்டும் மலையேறும், பாலைவனம் தாண்டும். உங்கள் அட்டவணையில் குள்ளர் மலை ‘தானியம்: கடற்கரையிலிருந்து’ என்று இருக்கிறது, நடுவில் ஆறே இல்லை, 600 மைல் கணவாய்ப் பாதை. அந்த மலையில் எல்லோரும் பட்டினி கிடந்து செத்திருப்பார்கள். ஒரு ஆற்றை வரையுங்கள், இல்லை அடிவாரத்தில் ஒரு விவசாயக் கிராமத்தை வைத்து, அந்தக் கிராமத்துப் பண்ணையார் கையில் குள்ளர்களின் குடுமி இருக்கட்டும்.

இப்போது உங்கள் மிளகு வியாபாரி. பேக் ஆஃப் ஹோல்டிங் 500 பவுண்டு தாங்கும். ஒரு நடைக்கு 1,500 தங்கம் லாபம் பார்த்திருக்கிறார். முதல் நடைக்கு நான் தடை சொல்ல மாட்டேன், அந்த மூளைக்கு அது கிடைக்கட்டும். ஆனால் இரண்டாவது நடையில் யார் வாங்குவார்கள்? உங்கள் மலையில் 2,000 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு வருடத்தில் கால் பவுண்டு மிளகு சாப்பிட்டால் (இது என் குத்துமதிப்பு, குள்ளர்களின் காரப் பழக்கம் எனக்குத் தெரியாது) ஊருக்கே 500 பவுண்டு போதும். அவர் ஒரே நடையில் ஒரு வருடத் தேவையை இறக்கிவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு 500 கொண்டுவந்தால் மண்டிக்காரர் சிரிப்பார், “போன மூட்டையே பிரிக்கல, வேணும்னா முக்கால் காசுக்கு வச்சுட்டுப் போங்க” என்பார். மொத்த வியாபாரத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் அடிபடுவது இங்கேதான்: பலகையில் எழுதியிருக்கிற விலை அடுத்த ஒரு மூட்டைக்கு, அடுத்த நூறு மூட்டைக்கு இல்லை. விதிப்புத்தகம் வணிகப் பொருள் எங்கும் முழு விலைக்குப் போகும் என்கிறது, விளையாட்டு நிற்காமல் ஓட அது வசதி, அதனால் அதை நடுவிலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்கப் போகிறவனுக்கு அதைவிடக் குறைவாகவும் வாங்கப் போகிறவனுக்குக் கூடவும் சொல்லுங்கள், அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். எனக்கு நடைமுறையில் சரிவந்தது, சின்ன ஊரில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் விலையில் பத்தில் ஒன்று இறக்குவது. இதற்குச் சான்று எதுவும் இல்லை, மேசையில் ஓடியது, அவ்வளவே.

மந்திரம் வந்தால் எல்லாம் மாறிவிடாதா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். மாறும், ஆனால் எல்லாம் இல்லை. அந்தப் பையில் கோதுமை போட்டால் 5 தங்கம் மதிப்பு, குங்குமப்பூ போட்டால் 7,500 தங்கம். மந்திரம் முதலில் கை வைப்பது சின்ன எடை, பெரிய விலைச் சரக்கில். எங்கள் தொழிலில் விமான சரக்கு செய்வதும் இதுதான், மல்லிகைப்பூவும் மருந்தும் செல்போனும் வானத்தில் போகும், சிமென்ட் ஒருநாளும் போகாது. தூரத்து ஊருக்கு நேராக வாசல் திறக்கும் டெலிபோர்ட்டேஷன் சர்க்கிளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் நிலை மந்திரம், ஒரு முறைக்கு 50 தங்கம் மதிப்புள்ள மை, சுண்ணக்கட்டி எல்லாம் எரிந்துபோகும், வாசல் திறந்திருப்பது சில நொடி. அந்தச் சில நொடியில் முதுகில் மூட்டையோடு எத்தனை பேர் ஓட முடியும் என்று பாருங்கள். பட்டுக்கு அது கட்டுப்படியாகும், நெல்லுக்கு ஆகாது. பசி தீர்க்கும் பழங்களை வரவழைக்கும் குட்பெரி மந்திரம் பசியை ஒழித்துவிடும் என்பார்கள். முதல் நிலை ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவர் நாளைக்கு இரண்டு முறை போட்டால் 20 பேருக்குச் சாப்பாடு. 10,000 பேர் வாழும் துறைமுகத்துக்கு 500 ட்ரூயிட்கள் வேண்டும், அவர்கள் வேறு எதுவும் செய்யாமல் தினமும் பழம் பழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ட்ரூயிட் ஆட்டக்காரர்கள் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே 10,000 பேருக்கு ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம் என்றால் நாளைக்கு 15,000 பவுண்டு. ஒரு கப்பல் கோதுமை 13 நாள் தாங்கும், வருடத்துக்கு 27, 28 கப்பல். சரி, மாதத்துக்கு இரண்டு கப்பல்தானே என்று தோன்றும். ஆனால் கடல் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. ரோமர்கள் மத்தியதரைக் கடலை நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை மூடியதாகவே வைத்துக்கொண்டார்கள். நம் பக்கம் பருவக்காற்று, எகிப்திலிருந்து வந்த கப்பல்கள் தென்மேற்குக் காற்றைப் பிடித்து வந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, காற்று திரும்பிய பிறகு திரும்பின. உங்கள் துறைமுகத்திலும் நான்கு மாதம் கடல் மூடட்டும். அப்படியென்றால் மூடுவதற்கு முன் ஒன்பது கப்பல் தானியமாவது கிடங்கில் இருக்க வேண்டும். கிடங்கு யாருடையது? எலி, ஈரம், தீ இவற்றை யார் பார்க்கிறார்கள்? மூன்றாவது மாதம் கணக்கில் 400 மூட்டை குறைகிறது, கிடங்குச் சாவி நகரசபையில் மூன்று பேரிடம் மட்டும் இருக்கிறது. ஒரு டிராகனும் தேவைப்படாமல் நான்கு செஷன் ஓடியது எனக்கு இதை வைத்து.

ஒரு சரக்கு தனியாக வராது, இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் வரும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மன் ஹன்சா நகரங்கள், அதாவது வியாபாரத்துக்காகக் கூட்டணி சேர்ந்த நகரங்கள். இடைக்காலத்தில், இன்றைய தெற்கு ஸ்வீடனின் ஸ்கானியா கரையில் இலையுதிர் காலத்தில் ஹெர்ரிங் மீன் வந்து குவியும். கொழுப்பு மீன், பிடித்த உடனே உப்புப் போடாவிட்டால் நாறிவிடும். பக்கத்தில் போதுமான உப்பு இல்லை. லூனபர்க் நகரில் பூமிக்கடியில் உப்புநீர் இருந்தது, அதைக் காய்ச்சி லூபெக் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலேற்றி மீனிடம் கொண்டுசேர்த்தார்கள். உப்பும் கனத்த சரக்கு, கனத்த மலிவுச் சரக்கு தண்ணீரைத் தேடிப் போகும் என்று மேலே பார்த்தோமே, அதற்காகவே ஸ்டெக்னிட்ஸ் கால்வாயை வெட்டி 1398ல் திறந்தார்கள். அப்புறம் உப்பு காய்ச்ச விறகு, மீன் அடைக்கப் பீப்பாய், பீப்பாய்க்குப் பலகை. லூனபர்க் சுற்றுவட்டாரக் காடு அந்த உலைகளுக்கே போய்த்தான் அது புதர்வெளியானது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆடு மேய்ச்சலும் அதற்கு வெகுகாலம் முந்திய பயிர்ச்செய்கையும் பெரிய காரணம் என்பார்கள். ஆனால் உங்கள் உலகத்தில் நிஜமாகவே எல்ஃப் காடு உப்பு உலைக்குப் போகலாம், அது உங்கள் உரிமை. ஒரே ஒரு மீனிலிருந்து உப்பு, கால்வாய், விறகு, பீப்பாய், தச்சர் என்று எத்தனை ஊருக்குப் பிழைப்பு பிறக்கிறது பாருங்கள்.

இன்னொரு மீன் இதற்கு நேர் எதிர். நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் காட் மீனை உப்பே இல்லாமல் குளிர்காற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள், கட்டை மாதிரி ஆகிவிடும், வருடக்கணக்கில் கெடாது. அது பெர்கன் துறைமுகம் வழியாகத் தெற்கே போனது, பதிலுக்குத் தானியம் வந்தது. தானியம் வந்ததால் ஹன்சாக்காரர் கையில் ஒரு கயிறு இருந்தது. 1284ல் சண்டை வந்தபோது ஹன்சா நகரங்கள் நார்வேக்குத் தானியம் போவதை நிறுத்தின, அடுத்த வருடமே நார்வே அரசர் இறங்கிவந்தார். உங்கள் மாயக்கல் ஊருக்கும் இதையே செய்யுங்கள். பாலைவனத்துக்காரர்கள் கல்லை வைத்து உலகத்தையே மிரட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவர்கள் குடிக்கும் தண்ணீர்த் தோல்பையும் சாப்பிடும் பேரீச்சையும் எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை. அதோடு அந்தக் கல்லுக்கு ஒரு கெட்ட குணம் கொடுங்கள். வெயில் பட்டால் சக்தி போகும், இரும்போடு வைத்தால் வெடிக்கும், ஏதாவது ஒன்று. கெடாத சரக்குக்குக் கதை கிடையாது. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது என் மேசையில் ஒரு கன்டெய்னரின் காகிதம் பாதி முடிந்த நிலையில் இருந்தது. அனுப்பவும் முடியாது, ஏற்றினவர் திரும்ப எடுக்கவும் மனசில்லை, நாளைக்குத் தளர்த்துவார்கள் நாளன்னைக்குத் தளர்த்துவார்கள் என்று காத்திருந்து, கடைசியில் கதவைத் திறந்தபோது மூட்டைச் சாக்கின் ஓட்டை வழியாகப் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதே பெட்டியில் இரும்புக் கம்பி இருந்திருந்தால் சொல்லவே ஒன்றுமில்லை.

திரும்பி வரும் கப்பலை மறந்துவிடாதீர்கள். லாரிக்காரர்களிடம் கேளுங்கள், போகிற வாடகையைவிட ரிட்டர்ன் லோடு பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். காலியாக வரும் கப்பலும் சும்மா வர முடியாது, அடியில் பாரம் இல்லாவிட்டால் கவிழும், கல்லாவது மண்ணாவது ஏற்ற வேண்டும். அந்தப் பாரத்தின் இடத்தில் விற்கக்கூடியது எதையாவது வைத்தால் கிட்டத்தட்ட வாடகையில்லாமல் வந்துசேரும். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தேயிலை ஏற்றிய கப்பல்களில் அடித்தட்டில் பீங்கான் வைத்தார்கள், கனமும் கிடைக்கும், நீர் கசிந்தாலும் பீங்கான் கெடாது, மேலே இருக்கும் தேயிலை நனையாது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998ல் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன, கிண்ணங்களைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். உங்கள் துறைமுகம் குள்ளர்களுக்குத் தானியம் அனுப்பினால், ஆற்றுப்படகு திரும்பும்போது என்ன கொண்டுவரும்? கூரைக்கு ஓடு? அரைக்கல்? அப்படியானால் துறைமுகத்தின் ஏழை வீடுகள்கூட மலைக் கற்பலகைக் கூரையோடு இருக்கும். ஆட்டக்காரர்கள் ஊருக்குள் நுழையும்போது நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வரி அது.

சுங்கம் என் சொந்தத் துறை, இதில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், கொஞ்சமாகச் சொல்கிறேன். ரோமப் பேரரசுக்குள் கீழ்த்திசைச் சரக்கு நுழைய நான்கில் ஒரு பங்கு வரி. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குக்குப் புலிச்சின்னம் குத்தியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று முதலாம் குலோத்துங்கனுக்குப் பட்டமே இருக்கிறது, சுங்கம் எந்த அளவுக்கு ஜனங்களுக்கு உறுத்தியிருந்தால் அதை எடுத்ததற்கு ஒரு பட்டம் கிடைக்கும் என்று யோசியுங்கள். விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ள இரண்டு ஏற்பாடுகளைச் சொல்வேன். ஒன்று கொலோன் நகரம் 1259ல் பெற்ற உரிமை: ரைன் ஆற்றில் அந்த வழியாகப் போகும் வெளியூர் வணிகர் சரக்கை இறக்கி, மூன்று நாள் உள்ளூர்க்காரர்களுக்கு விற்பனைக்கு வைத்த பிறகுதான் மேலே போகலாம். உங்கள் குழு அவசரமாக ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றில் போகிறது, நகரம் மூன்று நாள் பெட்டியைத் திறந்து சந்தையில் வை என்கிறது. பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்க்கக்கூடாது. போதாதா?

இரண்டாவது டென்மார்க் அரசரின் வேலை. பால்டிக் கடலுக்குள் போகும் குறுகலான ஜலசந்தியில் 1429லிருந்து 1857 வரை கப்பல்களிடம் சுங்கம் வாங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அதைச் சரக்கின் மதிப்பில் இத்தனை பங்கு என்று மாற்றினார்கள். மதிப்பை யார் சொல்வது? கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் சொன்ன விலைக்கே மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொள்ள அரசருக்கு உரிமை உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு, கூட்டிச் சொன்னால் வரி ஏறும். இருபது வருடமாக இன்வாய்ஸ் மதிப்பைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஆட்களோடு மல்லுக்கட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மேசையில் இதை ஓட்டும்போது உங்கள் மிளகு வியாபாரியிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து மதிப்பை எழுதச் சொல்லுங்கள், எழுதி முடித்த பிறகு விதியைச் சொல்லாதீர்கள், முன்னாடியே சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்க்கவே நன்றாக இருக்கும். அவர் எவ்வளவு எழுதினாலும் உங்களுக்கு லாபம்.

கடைசியாக, கள்ளக்கடத்தலுக்கு என்ன பொருள் வைப்பது, விஷமா மாய ஆயுதமா என்று கேட்டிருந்தீர்கள். உப்பை வையுங்கள். புரட்சிக்கு முந்திய பிரான்சில் உப்பு வரி மாகாணத்துக்கு மாகாணம் வேறு. பிரித்தானி மாகாணத்தில் வரியே கிடையாது, எல்லை தாண்டினால் பல மடங்கு விலை. ஆண், பெண், குழந்தை எல்லோரும் கடத்தினார்கள், பிடிபட்டவன் கப்பலில் துடுப்பு வலிக்கப் போனான். இந்தியாவில் பிரிட்டிஷார் உப்பு வரிக்காக ஆயிரம் மைலுக்கும் மேல் முள்வேலி போட்டு, அதில் பெரும்பகுதியை உயிர்வேலியாகவே வளர்த்து, ஆயிரக்கணக்கில் காவலரை நிறுத்தி, 1879ல்தான் கைவிட்டார்கள். கற்பனை உலகத்தில் இதை எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்பார்கள். உங்கள் வரைபடத்தில் மனிதர் நாட்டுக்கும் எல்ஃப் காட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் உப்பு ஐந்து செப்பு, அந்தப் பக்கம் ஐந்து வெள்ளி என்று எழுதுங்கள். பிரித்தானி எல்லையில் நாய்களையும் பழக்கி உப்பைக் கட்டி அனுப்பினார்களாம். உங்கள் குழு ராத்திரி காவலில் இருக்கும்போது புதரில் சத்தம் கேட்கட்டும், எல்லோரும் வாளை உருவட்டும், வெளியே வருவது மூச்சிரைக்க ஓடிவரும் ஒரு சாதாரண நாய், வயிற்றைச் சுற்றிக் கனமாக ஒரு துணிப்பட்டை, விளக்கைக் கண்டதும் அது குரைக்காமல் பதுங்குகிறது. அந்த நாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.